ஆழமில்லாத சப்பை மூட்டு: கம்ப்யூட்டர் ஆபரேஷனா, மூட்டு மாற்றா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 31. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட், அத்தனை நேரமும் நின்றபடியே. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. வலது தொடையிடுக்கில் இரண்டு வருடத்துக்கு மேலாக வலி. சாயங்காலம் ஆனால் நடை சாய்கிறது. போன பங்குனி உத்திரத்துக்குச் சென்னிமலை படி ஏறியவர், பாதியில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பு வலி என்று சொன்னதும் எல்லோரும் முதுகுத் தண்டைப் பார்த்திருக்கிறார்கள். முதுகுக்கு எம்.ஆர்.ஐ., முதுகுக்கு பிசியோதெரபி, அப்புறம் எண்ணெய்க் கட்டு, நடுநடுவே மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை. கடைசியில் ஒரு டாக்டர் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்து, பிறவியிலேயே மூட்டுக் குழி ஆழம் குறைவு, 'ஹிப் டிஸ்பிளேசியா' என்று சொல்லியிருக்கிறார். ரிப்போர்ட்டில் குழியின் மூடல் கோணம் வலதில் 14 டிகிரி, இடதில் 21. மூட்டு இடைவெளி நன்றாக இருக்கிறது.

மீதி அவர் வார்த்தையிலேயே: "ஒரு டாக்டர் மூட்டையே மாத்தணும்கறாருங்க. இன்னொருத்தரு எலும்பை வெட்டித் திருப்பி வெக்கலாம், கம்ப்யூட்டர் வெச்சுப் பண்றாங்கன்னு சொல்றாரு. வீட்டுக்காரரு போன்ல பாத்துட்டு, ரோபோ ஆபரேஷன் ரெண்டு ஓட்டைதான், மறுநாள் நடக்கலாம்கறாரு. மாமியார் எதுவும் வேண்டாம், இன்னொரு கொழந்தை பொறக்கட்டும், எல்லாம் சரியாயிரும்கறாங்க. பொறப்புலயே இருந்துச்சுன்னா இத்தன நாள் எப்படிங்க வலிக்காம இருந்துச்சு? கம்ப்யூட்டர்ல பண்ணுனா தப்பே வராதுங்களா?"

அம்மணி, கடைசிக் கேள்விக்கு முந்தியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. அது இடுப்பு எலும்பில் உள்ள குழிக்குள் உட்கார்ந்து சுழல்வதுதான் சப்பை மூட்டு. உங்களுக்கு அந்தப் பந்து பணியாரக் குழியில் உட்காராமல் ஆப்பச் சட்டியில் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் பந்தின் மேல் குழியின் கூரை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பதை ஒரு கோணமாக அளப்போம். 1939-ல் விபெர்க் என்ற ஸ்வீடன் மருத்துவர் சொல்லிவைத்த அளவு அது. 25 டிகிரியும் அதற்கு மேலும் சரி. 20-க்குக் கீழே போனால் டிஸ்பிளேசியா. நடுவில் இருப்பது எல்லைக்கோடு. உங்கள் வலது பக்கம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் டிஸ்பிளேசியா, இடது பக்கம் எல்லைக்கோடு.

கூரை சிறியதானால் உடம்பின் பாரம் முழுக்க ஓர் ஓரத்திலேயே இறங்கும். அந்த ஓரத்துக் குருத்தெலும்பும், குழியின் விளிம்பைச் சுற்றியிருக்கும் ஜவ்வும் சின்ன வயதில் அதைத் தாங்கிவிடும். ஜவ்வு தடித்துக்கூடத் தாங்கும். இருபதுகளின் கடைசியிலோ முப்பதுகளிலோ ஜவ்வு கிழியத் தொடங்கும்போதுதான் தொடையிடுக்கில் வலி வருகிறது. பெண்களுக்கு இது அதிகம். முதல் பிரசவத்துக்குப் பிறகு வெளிப்படுவதும் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதுதான். ஆகவே இத்தனை நாள் வலிக்கவில்லை என்பது ரிப்போர்ட் தப்பு என்பதற்கு அடையாளம் ஆகாது. உங்கள் அம்மா கவனிக்காமல் விட்டுவிட்டார் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை அழித்துவிடுங்கள். லேசான டிஸ்பிளேசியா நடக்கும் குழந்தையைப் பார்த்தால் தெரியாது. நீங்கள் பிறந்த காலத்தில் பச்சைக் குழந்தையின் சப்பைக்கு ஸ்கேன் எடுப்பது நம் ஊர்களில் வழக்கமும் இல்லை.

மாமியார் சொல்வதுபோல் தானாகச் சரியாகுமா என்றால், ஆகாது. வளர்ந்து முடிந்த எலும்பில் குழி ஆழமாகாது. தசைப் பயிற்சியும், ஓட்டம், குதிப்பைத் தவிர்ப்பதும், செக்கிங் டேபிளுக்கு ஓர் உயரமான ஸ்டூல் கேட்டு வாங்குவதும் வலியைக் குறைக்கும், கோணத்தை மாற்றாது. வலி மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோபினாக் வகை மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும்.

இரண்டு டாக்டர்களும் வேறு வேறு சொல்வதற்குக் காரணம் ஒருவர் பழைய முறை, ஒருவர் புது முறை என்பது அல்ல. 'கம்ப்யூட்டரா, கையா' என்பதும் இங்கே இரண்டாம் கேள்விதான். உங்கள் சொந்தக் குருத்தெலும்பு காப்பாற்றும் நிலையில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தால் எலும்பைத் திருப்பி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. போய்விட்டிருந்தால் எவ்வளவு துல்லியமாகத் திருப்பினாலும் வலி தீராது, அப்போது மூட்டு மாற்றுதான் நேர்மையான பதில். 31 வயதும், நல்ல இடைவெளி என்ற எக்ஸ்ரே ரிப்போர்ட்டும் முதல் பக்கம் சாய்கின்றன. ஆனால் உங்களை நேரில் பார்க்காமல், காலை மடக்கித் திருப்பிப் பார்க்காமல், சப்பை மூட்டுக்கென்றே எடுத்த எம்.ஆர்.ஐ. இல்லாமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது; நானும் சொல்லவில்லை. முதுகுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. இதற்கு உதவாது.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது

எலும்பைத் திருப்பி வைக்கும் ஆபரேஷனை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்ஸ் என்ற மருத்துவர் 1984-ல் தொடங்கினார். குழியைச் சுற்றி இடுப்பு எலும்பைக் கணக்காக வெட்டி, குழியை மட்டும் தனித் துண்டாக விடுவித்து, பந்தின் மேல் நன்றாகக் கவிழும்படி திருப்பி, மூன்று நான்கு ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்கள். பின்பக்கத் தூண் எலும்பை அறுபடாமல் விட்டுவைப்பதுதான் இந்த முறையின் சாமர்த்தியம். அதனால் இடுப்பு வளையம் உடைவதில்லை; சீக்கிரம் எழுந்து நிற்கவும் முடிகிறது.

கஷ்டம் எங்கே என்றால், வெட்டும் இடத்தின் பெரும்பகுதி சர்ஜன் கண்ணுக்கே தெரியாது. ஆழத்தில், பெரிய நரம்புக்கும் ரத்தக் குழாய்களுக்கும் பக்கத்தில், உளியின் நுனி எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்ரே திரையும் கைப்பழக்கமும்தான் சொல்ல வேண்டும். திருப்பும் அளவும் அப்படித்தான். குறைவாகத் திருப்பினால் பிரயோசனமில்லை. அதிகமாகத் திருப்பினால் கூரை முன்னால் நீண்டு, உட்காரும்போது தொடை எலும்பில் முட்டும். சம்மணம் போடுகிற, குந்தி உட்காருகிற நமக்கு அந்த முட்டல் பெரிய தொந்தரவு.

இந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் வருகிறது. முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து உங்கள் இடுப்பின் முப்பரிமாண உருவத்தைத் திரையில் கட்டுவார்கள். எங்கே வெட்டுவது, எத்தனை டிகிரி திருப்பினால் கூரை போதும், அப்படித் திருப்பினால் உட்காரும்போது முட்டுமா என்பதையெல்லாம் அங்கேயே ஒத்திகை பார்க்கலாம். தொடை எலும்பே முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க முழங்கால் மட்டத்திலும் சில படங்கள் சேர்த்து எடுப்பார்கள். அந்த முறுக்கைப் பார்க்காமல் விட்டால் திட்டமே தப்பாகலாம். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே இந்த ஸ்கேன்.

ஆபரேஷன் அறையில் இடுப்பெலும்பில் சிறு கம்பி ஊன்றி, அதில் மின்னும் சிறு உருண்டைகள் பொருத்துவார்கள். ஓர் அகச்சிவப்புக் கேமரா அவற்றையும் உளியையும் பார்த்துக்கொண்டே இருக்கும். எலும்பின் மேல் சில இடங்களைத் தொட்டுக் காட்டி, திரையில் உள்ள படத்தையும் மேசையில் இருக்கும் உங்களையும் பொருத்திக்கொள்வார்கள். அதன் பிறகு உளியின் நுனி எலும்பில் எங்கே நிற்கிறது, துண்டு எத்தனை டிகிரி திரும்பியது என்று திரை சொல்லும். சில இடங்களில் இதற்குப் பதிலாக, உங்கள் எலும்பின் வடிவத்துக்கே முப்பரிமாண அச்சில் வார்த்த வழிகாட்டிக் கட்டைகளை வைத்து வெட்டுகிறார்கள்.

கவனியுங்கள், வெட்டுவது சர்ஜன்தான். ஊன்றிய கம்பி கொஞ்சம் அசைந்துவிட்டாலோ, ஆரம்பப் பொருத்தம் பிசகினாலோ, திரை தப்பை அதே நம்பிக்கையோடு காட்டும். ஆக, 'கம்ப்யூட்டரில் தப்பே வராது' என்பது சரியல்ல. பலனையும் பார்ப்போம். கம்ப்யூட்டர் துணையோடு செய்த முதல் 12 பேரின் விவரத்தை 1997-ல் வெளியிட்டதே பெர்ன் குழுதான். 2006-ல் தைவானில் 36 பேரை இரண்டு பிரிவாகக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் ஆபரேஷனுக்கு நடுவே எக்ஸ்ரே எடுக்கும் தேவை குறைந்தது. இரண்டு வருடம் கழித்து நடையிலும் வலியிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த ஆபரேஷன்களைச் செய்தவர்கள் பழக்கப்பட்ட கைகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். என் கணிப்பு இது: பழகிய சர்ஜனுக்குக் கம்ப்யூட்டர் ஒரு நல்ல சரிபார்ப்பு; பழகாதவரை அது பழகியவர் ஆக்காது. குழி பின்னால் திரும்பியிருப்பது, முன்பு ஆபரேஷன் ஆன இடுப்பு போன்ற சிக்கலான அமைப்புகளில் அதன் மதிப்பு கூடுகிறது.

ரோபோ, கீஹோல், மூட்டு மாற்று

உங்கள் வீட்டுக்காரர் பார்த்த ரோபோ விளம்பரம் பெரும்பாலும் முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்றுக்கானதாக இருக்கும். மறுநாள் நடப்பதும் அதில்தான். நீங்கள் யோசிக்கும் ஆபரேஷன் வேறு. வெட்டிய எலும்பு ஒட்டிச் சேர வேண்டும் என்பதால் ஆறு முதல் எட்டு வாரம் வாக்கரோ ஊன்றுகோலோ வைத்து, அந்தக் காலில் முழுப் பாரம் போடாமல் நடக்க வேண்டும். நின்று பார்க்கும் வேலைக்குத் திரும்ப மூன்றிலிருந்து ஆறு மாதம்.

கீஹோல் முறையில், அதாவது இரண்டு ஓட்டை மட்டும் போட்டு, கிழிந்த ஜவ்வை மட்டும் தைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். 14 டிகிரி மூட்டில் ஆழத்தைச் சரிசெய்யாமல் ஜவ்வை மட்டும் தொடுவது, தாங்கிக்கொண்டிருக்கும் கடைசித் துணையையும் தளர்த்திவிடலாம். எலும்பு ஆபரேஷனோடு சேர்த்துச் செய்வது வேறு விஷயம்.

மூட்டு மாற்று மோசமான ஆபரேஷன் இல்லை. வலி போகும், சீக்கிரம் நடக்கலாம். ஆனால் செயற்கை மூட்டுக்கு ஆயுள் உண்டு. 2019-ல் நாடு தழுவிய மூட்டு மாற்றுப் பதிவேடுகளை ஆராய்ந்ததில், சுமார் 58 சதவீத இடுப்பு மூட்டுகள் 25 வருடம் நிற்கின்றன. 25 வருடம் கழித்து உங்களுக்கு 56 வயதுதான். இளம் வயதில் மாற்றினால் மறு ஆபரேஷனுக்கான வாய்ப்பும் கூடும். தரையில் குந்துவதையும் பலர் தவிர்க்கச் சொல்வார்கள்.

எலும்பைத் திருப்பினால் எத்தனை காலம்? பெர்னில் முதலில் செய்த 75 இடுப்புகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 20 வருடத்தில் 60 சதவீதமும், 30 வருடத்தில் 29 சதவீதமும் சொந்த மூட்டோடு இருந்தன. அவை ஆரம்ப காலத்து ஆபரேஷன்கள். வயது கூடியவர்களும் ஏற்கெனவே தேய்மானம் வந்தவர்களும் அதில் உண்டு, சீக்கிரம் தோற்றதும் அவர்களுக்குத்தான். வாழ்நாள் உத்தரவாதம் என்று யாரும் சொல்ல முடியாது. பின்னால் மூட்டு மாற்று தேவைப்பட்டாலும், அதைத் தள்ளிப்போட்டது லாபமே. தலைகீழ் வரிசையில் இது நடக்காது. இன்று மாற்றிவிட்டால் சொந்த மூட்டு திரும்ப வராது.

ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது அடிக்கடி நடக்கும். பலருக்குக் குறையும், சிலருக்கு அப்படியே நிற்கும். ரத்தம் கணிசமாகப் போகலாம். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும். காலில் ரத்தக் கட்டு, கிருமித் தொற்று, வெட்டிய எலும்பு ஒரு பக்கம் கூடாமல் போவது ஆகியவை உண்டு. பெரிய நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதம் தொங்குவது அபூர்வம், ஆனால் நடந்தால் வாழ்க்கையை மாற்றும். கம்ப்யூட்டர் இருப்பதால் இவை இல்லாமல் போவதில்லை.

இன்னொரு குழந்தை

பின்பக்கத் தூண் அறுபடாததால் பிரசவப் பாதையின் அளவு பெரிதாக மாறுவதில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சுகப்பிரசவம் ஆனவர்கள் இருக்கிறார்கள். சிசேரியன் கட்டாயம் என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம். அது மகப்பேறு மருத்துவரின் தீர்மானம். ஆபரேஷன் ஆன எக்ஸ்ரேயை மட்டும் அவரிடம் காட்டுங்கள்.

எது முதலில் என்று கேட்டால், எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பு நன்றாக இருக்கும் பட்சத்தில் ஆபரேஷன் முதலில், எலும்பு முழுக்கக் கூடி ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துக் குழந்தை என்பது என் சாய்வு. உங்கள் மகள் இப்போது தானே நடக்கிறாள். ஊன்றுகோலோடு இருக்கும் எட்டு வாரத்தைச் சமாளித்துவிடலாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அது முடியாது. கர்ப்பத்தில் கூடும் எடையும் இந்த மூட்டுக்கு உதவாது. ஆனால் உங்கள் குடும்பத்தில் குழந்தைதான் முதல் என்று நீங்கள் முடிவெடுத்தால் அது தவறில்லை. வருடக்கணக்கில் இழுத்தடிக்காமல், இடையில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: "குழந்தை வேண்டாம்னு சொல்லலைங்க, வரிசையைத்தான் மாத்தறோம்."

பணம், லீவு, கையெழுத்து

நீங்கள் பீஸ் ரேட்டா, மாதச் சம்பளமா என்று எழுதவில்லை. எதுவானாலும் உங்களுக்கு இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, பணம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று இந்த வாரமே கம்பெனி அலுவலகத்தில் கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது பொருந்தும். குறைந்தபட்ச நாட்கள் பணம் கட்டியிருந்தால், மருத்துவ லீவில் இருக்கும்போது வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் காட்டி, அங்கே செய்யாத ஆபரேஷன் என்றால் வெளியே அனுப்புவார்களா என்று கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் இந்த ஆபரேஷன் பட்டியலில் எந்தப் பெயரில் வருகிறது, கம்ப்யூட்டர் வழிகாட்டலுக்கும் அச்சுக் கட்டைக்கும் தனியாகப் பணம் கேட்பார்களா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

சர்ஜனிடம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? கம்ப்யூட்டர் நடுவில் வேலை செய்யாமல் போனால், எக்ஸ்ரே திரையை மட்டும் வைத்து முடித்துவிடுவீர்களா? இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் "முடிப்பேன்" என்று சொல்பவரிடம் போங்கள். அந்தப் பதில் கோவையில் கிடைக்கவில்லை என்றால் சென்னைக்கோ வேலூருக்கோ போய் இன்னொரு கருத்து கேட்பதில் வெட்கமில்லை. நாலைந்து வாரம் தள்ளிப்போவதால் மூட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். அதில் 'தேவைப்பட்டால் வேறு ஆபரேஷனும்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி இருந்தால், எது என்று எழுதச் சொல்லுங்கள். ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது, உயிருக்கு அவசரம் என்றால் மட்டுமே விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது. எலும்பைத் திருப்பப் படுத்தவர் மூட்டு மாற்றோடு எழுந்திருக்கக் கூடாது. உங்கள் சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. இரண்டாவது கருத்துக்குப் போக அது தேவைப்படும்.

இடது பக்கத்தை இப்போது தொட வேண்டாம். வலி இல்லாத எல்லைக்கோட்டு மூட்டுக்கு ஆபரேஷன் இல்லை. வருடம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது குடும்பத்தில் வரக்கூடியதுதான், அதிலும் பெண் குழந்தைக்கு. நான்கு வயதில் ஸ்கேன் பயன்படாது, இடுப்புக்கு ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அடுத்து ஒரு குழந்தை பிறந்தால், ஆறாவது வாரத்தில் சப்பைக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். குறை இருந்தாலும் அந்த வயதில் கால்களை அகட்டி வைக்கும் ஒரு வார்ப்பட்டையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். குழந்தையின் கால்களை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்ற வேண்டாம். உங்கள் அம்மாயி காலத்தில் செய்ததுபோல் இடுப்பில் கால் அகட்டி உட்காரவைத்துத் தூக்குவது, சப்பை மூட்டுக்கு நல்லது.